அத்தையின் தையல் பாடமும் ஒன்பது கிளிப்பின் ஒலி அளவும்

அத்தை தையல் கற்றுத் தருகிறார். முதல் பாடத்தைப் பதினோரு நிமிட வீடியோவாக வெட்டி ஒட்டி முடித்து, வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிடத்திலேயே மாமா ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டார். ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். நான்காவது நிமிடத்தில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியதும் பதறிப்போய் மியூட்டை அமுக்கினார்.

"மாப்ளே, உங்க அத்தை பேசறது கேக்கவே இல்ல. மெஷின் பேசறதுதான் கேக்குது."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சரி, ஒலி அளவை மட்டும் கொஞ்சம் சரி செய்துவிட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தது மூன்று ராத்திரியைத் தின்றது. அந்த மூன்று ராத்திரியில் நடந்தது இது.

முதலில் கையில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்தது நான்கு நாள். மொத்தம் ஒன்பது கிளிப். முதல் நாள் மைக் கிடையாது, ஸ்டாண்டில் நின்ற போனே ஒலியையும் பதிந்தது. போனுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு ஆள் நீளத் தூரம். அடுத்த இரண்டு நாள் சட்டையில் மாட்டும் காலர் மைக். நான்காம் நாள், விட்டுப்போன விளக்கங்களை மட்டும் ஒரு சின்ன ரெக்கார்டரை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசி எடுத்தோம். மூன்று கருவி, மூன்று தூரம். மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் இறங்கும். ஒரு சாண் தூரத்தில் இருந்த வாய் எட்டுச் சாண் தள்ளிப் போனால் 18 டெசிபெல் காணாமல் போகும். இதெல்லாம் படம் எடுக்கும்போது உறைக்காது. டைம்லைனில் வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போதுதான் ஒரு கிளிப்பின் அலை கோடு மாதிரியும், பக்கத்துக் கிளிப்பின் அலை கம்பளிப்பூச்சி மாதிரியும் தெரியும்.

எடிட்டிங்குக்கு நான் பயன்படுத்துவது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. வேறு மென்பொருளிலும் கதை இதுதான், மெனுவின் பெயர்தான் மாறும்.

முதல் ராத்திரி செய்தது, எல்லோரும் முதலில் செய்வது. ஒன்பது கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து, நார்மலைஸ் கொடுத்தேன். உச்ச அளவு -3 டெசிபெல் என்று போட்டேன். டிஜிட்டல் ஒலியில் 0 தான் கூரை, அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதனால் எல்லாக் கிளிப்பின் தலையும் கூரைக்கு மூன்று படி கீழே வந்து நின்றுவிட்டால் எல்லாம் ஒரே சத்தமாகிவிடும் என்று கணக்கு.

போட்டுக் கேட்டேன். எதுவுமே மாறவில்லை. அதாவது, எல்லாமே ஒரே அளவு மாறியிருந்தது, வித்தியாசம் அப்படியே இருந்தது. அந்தப் பெட்டியில் 'ரிலேட்டிவ்', 'இண்டிபெண்டண்ட்' என்று இரண்டு தேர்வு உண்டு. ரிலேட்டிவ் என்றால் தேர்ந்தெடுத்த கிளிப்புகளில் எது உச்சமோ அதைக் குறித்த அளவுக்குக் கொண்டுவந்து, மற்றவற்றையும் அதே அளவு நகர்த்தும். ஒரே நாளில், ஒரே மைக்கில் எடுத்த கிளிப்புகளுக்கு அது நல்லது. என் வழக்கில் பயனில்லை. படிக்காமல் ஓகே அடித்தது என் தப்பு. மாற்றி, கிளிப்புக்குக் கிளிப் தனித்தனியாகச் செய்யச் சொன்னேன்.

இப்போது சிலது சரியானது. போனில் எடுத்த இரண்டாவது கிளிப் மட்டும் அப்படியே கிணற்றுக்குள் இருந்து பேசியது. அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தை பேச்சின் உச்சம் -22 பக்கம்தான். ஆனால் முப்பத்தேழாவது விநாடியில் ஊசி மாதிரி ஒரு கோடு, கிட்டத்தட்ட -3 வரை நிமிர்ந்து நின்றது. அங்கே நிறுத்திக் கேட்டேன். டங். துணியை வெட்டிவிட்டு அத்தை கத்தரிக்கோலை மேசையில் வைத்த சத்தம். நார்மலைஸ் பார்த்தது அந்த ஒரு டங்கை. "உச்சம் -3 தானே, சரியாத்தான் இருக்கு" என்று தொடாமல் விட்டுவிட்டது. அதன் மேல் தப்பில்லை, நான் கேட்டதைத்தான் செய்தது.

உச்சமும் உரப்பும் வேறு வேறு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கை ஒருமுறை தட்டினால் உச்சம் எங்கேயோ போகும், ஆனால் அது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். யாராவது தொடர்ந்து பேசினால் உச்சம் குறைவுதான், ஆனால் காது அதை உரத்த சத்தமாக எடுத்துக்கொள்ளும். டிவி விளம்பரங்கள் இத்தனை வருடம் கத்தியதும் இந்தச் சந்தில் நுழைந்துதான். நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் உச்ச வரம்பு ஒன்றே, ஆனால் விளம்பரத்தின் ஒலியை அமுக்கி அமுக்கி எல்லாவற்றையும் அந்த வரம்பை ஒட்டிக் கொண்டுவந்துவிடுவார்கள். இதைப் பிடிக்கத்தான் 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.எஸ்.1770 என்ற அளவு முறையைக் கொண்டுவந்தது. 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதை வைத்து -23 என்ற இலக்கை நிர்ணயித்தது. அமெரிக்காவில் விளம்பரச் சத்தத்துக்கென்றே ஒரு சட்டம் போட்டு, 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த முறையின் அலகுதான் எல்.யூ.எஃப்.எஸ்., பேச்சு வழக்கில் லஃப்ஸ். நம் காது அடிக்குரலைவிடக் கீச்சுக்குரலை எளிதில் பிடிக்கும் என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு லஃப்ஸ் ஏறுவதும் ஒரு டெசிபெல் ஏறுவதும் ஒன்றே, அதனால் கூட்டல் கழித்தல் சுலபம்.

இரண்டாம் ராத்திரி அந்த முறைக்கு மாறினேன். அதே நார்மலைஸ் பெட்டியில் அளவு முறையை 1770 என்று மாற்றி, இலக்கு -18 என்று வைத்து, தனித்தனியாக என்று கொடுத்தேன். முன்னால் ஒரு தாளில் ஒவ்வொரு கிளிப்பின் உண்மை அளவையும் குறித்துக்கொண்டேன். போன் கிளிப்புகள் -34 பக்கம், காலர் மைக் பெரும்பாலும் -21, ரெக்கார்டர் -17. வாயிலிருந்து வந்தது ஒரே குரல், தாளில் இருந்தது 17 டெசிபெல் இடைவெளி. 10 டெசிபெல் ஏறினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலத் தோன்றும் என்பார்கள். மாமா ரிமோட்டை எடுத்ததில் வியப்பில்லை.

இந்த முறை எட்டுக் கிளிப் அருமையாக வந்தன. ஆறாவது கிளிப் மட்டும் வீம்பு பிடித்தது. காலர் மைக்கில் எடுத்த கிளிப், இரைச்சல் இல்லை, கத்தரிக்கோல் இல்லை. ஆனால் அத்தை பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கிளிப்பைவிடத் தெளிவாக ஓர் ஆறு, ஏழு படி இறங்கிக் கேட்டது. மீட்டரோ -18 என்று சாதித்தது.

இதில்தான் அதிக நேரம் போனது. கிளிப்பை வெட்டி வெட்டி அளந்தபோது பிடிபட்டது. மூன்றரை நிமிடக் கிளிப்பில் பாதி நேரம் மெஷின் ஓடுகிறது. மைக் சட்டையில், மெஷின் அதற்கு எதிரே. மெஷின் மட்டும் ஓடும் இடத்தில் -15, அத்தை மட்டும் பேசும் இடத்தில் -24. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் -17.5. (டெசிபெலில் நேர்ச் சராசரி போட்டால் -19.5 வரும், அது தப்பு. ஆற்றலில்தான் சராசரி எடுக்க வேண்டும், அங்கே சத்தம் அதிகமான பக்கம்தான் தராசை இழுக்கும்.) மென்பொருள் -17.5 ஐப் பார்த்தது, -18 ஆக்க அரை டெசிபெல் குறைத்தது, வேலை முடிந்தது என்று போய்விட்டது. அத்தையின் குரல் -24.5 இல் நின்றது.

இந்த அளவு முறை அமைதியான இடங்களைத் தள்ளிவிடும். முழுக் கிளிப்பின் சராசரியைவிட 10 டெசிபெலுக்குக் கீழே போகும் துண்டுகளைக் கணக்கில் சேர்க்காது. அதனால் பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கினாலும் யோசித்தாலும் அளவு கெடாது. ஆனால் மெஷின் சத்தம் அமைதி இல்லையே. அதற்கு அத்தையும் மெஷினும் ஒன்றுதான்.

ஆக, கிளிப்பை அளக்கக் கூடாது, பேச்சை அளக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டதும் மீதி வேலை தானாக வழிக்கு வந்தது. ஒன்பது கிளிப்பிலும் பேச்சு தொடங்கும் இடம், முடியும் இடம், மெஷின் தொடங்கும் இடம் எல்லாவற்றிலும் கத்தி போட்டேன். பேச்சுத் துண்டுகள் எல்லாம் முதல் டிராக்கில், மெஷின் துண்டுகள் இரண்டாவதில், பின்னணி இசை மூன்றாவதில். பேச்சுத் துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து -18. மெஷின் டிராக்கை மொத்தமாக -26 பக்கம் இறக்கினேன். மெஷின் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், யாரும் அதை ரசிக்க வரவில்லை. மெஷின் ஓடும்போதே அத்தை பேசிய இரண்டு இடங்கள் இருந்தன. அவற்றைப் பிரிக்க முடியாது. காதால் கேட்டு, கெயினை, அதாவது ஒலியை ஏற்றி இறக்கும் அளவை, கையால் நகர்த்தி வைத்தேன். வெட்டிய இடங்களில் இரண்டு ஃபிரேம் அளவுக்குச் சின்ன ஃபேடு (ஒலி மெல்ல ஏறுவது, இறங்குவது) வைத்தால் 'டிக்' என்று தட்டாது.

கத்தரிக்கோல் டங்கையும் இங்கேயே பார்த்துக்கொண்டேன். அதன் இரு பக்கமும் வெட்டி, நடுத் துண்டை மட்டும் 14 டெசிபெல் இறக்கினேன். ஒரு நிமிட வேலை.

நான்காம் நாள் ரெக்கார்டர் கிளிப்பில் வேறு ஒரு கோளாறு. ஹெட்போனில் அத்தை இடது காதில் மட்டும் பேசினார். ரெக்கார்டரில் ஒரு மைக், அது இடது சேனலில் மட்டும் பதிந்திருக்கிறது, வலது காலி. கிளிப் அட்ரிபியூட்ஸில் போய் மோனோ என்று மாற்றினால் இரண்டு காதிலும் வரும். நான் செய்த தப்பு, முதலில் அளவைச் சரி செய்துவிட்டுப் பிறகு இதைச் செய்தது. ஒரே ஒலி அதே அளவில் இரண்டு சேனலிலும் வந்தால், மீட்டர் ஒரு சேனலுக்குக் காட்டியதைவிட 3 கூட்டிக் காட்டும். மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. சேனல் வேலையை முடித்துவிட்டு அளவுக்குப் போவது உத்தமம்.

போன் கிளிப்புகளைத்தான் நிஜமாகவே தேற்ற வேண்டியிருந்தது. -34 இல் இருந்ததை -18 ஆக்க 16 டெசிபெல் ஏற்ற வேண்டும். குரல் 16 ஏறினால் அறையின் இரைச்சலும் 16 ஏறும். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மழை. பேச்சு நிற்கும் இடத்தில் மழையை நிறுத்த கேட் போட்டேன். ஒரு வரம்புக்குக் கீழே போகும் ஒலியை அது கதவடைத்துவிடும். வரம்பைத் தாராளமாக -32 என்று வைத்தேன். இடைவெளிகளில் மழை நின்றது. திருப்தியாகத் தூங்கப் போனேன்.

காலையில் அத்தையிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்னடா இது, நான் சொன்னதையே மாத்திட்ட?"

அவர் சொல்லியிருந்தது: "மூலையில வந்ததும் ஊசியைத் தூக்கிட்டுத் துணியைத் திருப்பக் கூடாது." ஊசி துணிக்குள் குத்தியபடி நிற்க, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை மட்டும் தூக்கிவிட்டுத் திருப்ப வேண்டும், அதுதான் பாடமே. என் கேட்டுக்குப் பிறகு அது "ஊசியைத் தூக்கிட்டுத் துணியைத் திருப்பக் கூ" என்று நின்றது. கவனமில்லாமல் கேட்கிறவர்களுக்குத் திருப்பச் சொன்னது மாதிரிதான் இருக்கும்.

ஏன் என்று யோசித்தால், தமிழில் விஷயமே வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. வேண்டும், கூடாது, இல்லை, முடியும் எல்லாம் வாலில்தான். பேசுகிறவர்களோ மூச்சு தீரத் தீர வாலை இறக்கிவிடுவார்கள். அத்தை கூடுதலாக, கடைசிச் சொல் வரும்போது முகத்தை மெஷின் பக்கம் திருப்பிக்கொள்வார். முன்னால் -18 இல் பேசியவர் 'கூடாது' முடிவதற்குள் -32 க்கும் கீழே போய்விட்டார். நாம் சமன் செய்ய வேண்டியது கிளிப்புக்கும் கிளிப்புக்கும் இடையில் மட்டுமில்லை, வாக்கியத்தின் தலைக்கும் வாலுக்கும் இடையிலும்தான். இதை எந்த நார்மலைஸும் செய்யாது. அது கிளிப் முழுவதையும் ஒரே கையில் தூக்கும், இறக்கும், அவ்வளவுதான்.

கேட்டைத் தூக்கி எறிந்தேன். அதற்குப் பதில் இரைச்சல் குறைக்கும் ஃபில்டரை மிதமாகப் போட்டேன். முழுதாகப் போட்டால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிடும். பாதி மழை மீதி இருக்கட்டும் என்று விட்டேன். பேச்சுக்கு நடுவே முழு நிசப்தம் வந்து போவதைவிட, கீழே சன்னமாக ஒரே மாதிரி இரைச்சல் ஓடிக்கொண்டிருப்பது காதை உறுத்தாது. ஃபில்டருக்கு அடுத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினேன். அத்தையின் குரல் அதற்கு வெகு மேலே தொடங்குகிறது. கீழே இருந்தது மேசை அதிர்வும் மெஷினின் உறுமலும்தான்.

அதற்குப் பிறகு கம்ப்ரெசர். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும், வேலை எளிது. வரம்பு -20, விகிதம் 3:1 என்று வைத்தால், வரம்பைத் தாண்டி 9 டெசிபெல் எகிறும் ஒலி 3 டெசிபெல்தான் தாண்டி வெளியே வரும். தலையைத் தட்டி வைத்துவிட்டு, மொத்தத்தையும் மேக்கப் கெயினால் மேலே தூக்கினால், வால் தானாக மேலே வரும். அமுக்கத் தொடங்க 10 மில்லிசெகண்ட், விடுவிக்க 120. மீட்டரில் குறைப்பு 3 முதல் 5 வரை ஆடினால் நிறுத்திக்கொண்டேன். பத்து வரை அமுக்கிப் பார்த்தேன், அத்தை மூச்சு விடுவதெல்லாம் ஊதுகிற மாதிரி கேட்டது, வேண்டாம். வரிசை முக்கியம்: இரைச்சலைக் குறைத்த பிறகுதான் கம்ப்ரெசர். மாற்றிப் போட்டால் கம்ப்ரெசர் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடும்.

கம்ப்ரெசருக்கும் அடங்காத வால்கள் ஏழெட்டு இருந்தன. அந்தச் சொற்களில் மட்டும் கிளிப்பின் ஒலிக் கோட்டில் புள்ளி வைத்து 5, 6 டெசிபெல் கையால் தூக்கினேன். 'கூடாது'க்கு 8. பதினோரு நிமிட வீடியோவில் இதற்கு மட்டும் ஒரு மணி நேரம். மூன்று ராத்திரியில் உருப்படியாகச் செலவான ஒரு மணி நேரம் இதுதான் என்பேன்.

இசை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு ஓடும்போது பேச்சைவிட 20 டெசிபெல் கீழே, அதாவது -38 பக்கம். பேச்சு இல்லாத இடத்தில் -26 வரை, அரை நொடியில் ஏறி அரை நொடியில் இறங்கும்படி. அத்தைக்கு இசையே வேண்டாம் என்று அபிப்பிராயம். இரண்டாம் பாடத்தில் எடுத்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

இந்த வேலை முழுக்கக் கணினியின் ஒலியளவை 40 இல் வைத்துத் தொடவே இல்லை. முதல் ராத்திரி ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்ததில், ஏறியது கிளிப்பா, என் கையா என்று குழம்பிப்போனது. காது களைத்துப் போனாலும் எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே கேட்கும். அதனால் ராத்திரி எடுத்த முடிவுகளைக் காலையில் ஒருமுறை போன் ஸ்பீக்கரில் கேட்டு உறுதி செய்தேன். இரண்டை மாற்றினேன்.

கடைசியாக மொத்தம். மூன்று டிராக்கும் சேரும் மெயின் பஸ்ஸில், உச்சத்தை ஒரு வரம்பைத் தாண்டவிடாத லிமிட்டரை -1.5 இல் வைத்துவிட்டு, லவுட்னெஸ் மீட்டரை ரீசெட் செய்து, முதல் நொடியிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் ஓடவிட்டேன். நடுவில் தாவினால் ஒருங்கிணைந்த அளவு, அதாவது முழு வீடியோவின் சராசரி உரப்பு, பொய் சொல்லும். -18.7 வந்தது. என் இலக்கு -16, ஆக 2.7 கூட்டினேன். யூடியூப் ஏறத்தாழ -14 ஐத் தாண்டினால் தானே குறைத்துக்கொள்ளும், குறைவாக இருந்தால் ஏற்றித் தராது. -14 ஐத் துரத்தலாம்தான், ஆனால் போன் கிளிப்பின் மழை அதோடு சேர்ந்து ஏறும். இரண்டு படி குறைவாக இருப்பதே மேல் என்று விட்டேன். யூடியூபில் ஏற்றிய பிறகு வீடியோ மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பார்த்தால், உள்ளடக்கத்தின் உரப்பு எத்தனை டெசிபெல் கீழே என்று காட்டும். எனக்கு -2 பக்கம் காட்டியது. கணக்கு ஒத்துப்போனது.

எக்ஸ்போர்ட் செய்த கோப்பைத் திரும்ப டைம்லைனில் போட்டு இன்னொருமுறை அளந்தேன். லிமிட்டர் -1.5 இல் நிறுத்தியிருந்தும், உண்மை உச்சம் -1.1 ஆகியிருந்தது. ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும்போது அலையின் வடிவம் கொஞ்சம் மாறும், உச்சம் கொஞ்சம் எகிறும். லிமிட்டரை 0 இல் வைத்திருந்தால் கூரையில் இடித்திருக்கும்.

மறுபடி டிவியில் போட்டோம். மாமா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். நான்காவது நிமிடத்தில் மெஷின் ஓடியது. விரல் பட்டனுக்குப் போனது, அமுக்கவில்லை. 'கூடாது' வந்தபோது அத்தை என்னைப் பார்த்தார்.

இரண்டாம் பாடத்துக்கு எல்லாவற்றையும் காலர் மைக்கிலேயே எடுக்கிறோம். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மெஷின் பக்கம் பார்க்காமல் கொஞ்சம் தோள் பக்கமாக. பதிவில் பேச்சின் உச்சம் -12 பக்கம் நிற்கிறதா என்று முதல் நிமிடத்திலேயே பார்த்துவிடுகிறேன். போனில் தானியங்கி கெயினை அணைத்துவிட்டேன், இல்லாவிட்டால் அத்தை யோசிக்கும் நேரமெல்லாம் அது இரைச்சலைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கித் தருகிறது. மேசையில் கத்தரிக்கோல் வைக்கும் இடத்தில் நான்காக மடித்த ஒரு பழைய துணி கிடக்கிறது. அது அத்தையே போட்டது.